கம்பளையும் கம்பளியும்

என் நஸீராவுக்கு,

முதலில் ஒரு செய்தி. நான் உன் பக்கம் வந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் இதை உடனே சொல்லியிருக்க மாட்டேன், கொஞ்ச நாளாவது மறைத்திருப்பேன். நீ சிரிக்கும் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

இதை வேறு பலரும் வாசிக்கப்போகிறார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் இருவருக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. கண்டியில் ஒரு கணினி வகுப்பில் பழகினோம். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள்தான் நமக்குக் கண். நான் ஒரு கம்பெனி விற்கும் மென்பொருளைப் பயன்படுத்தினேன். நீ இலவசமாகக் கிடைத்ததை எடுத்துக்கொண்டாய். அதன் உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம்.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரைக்கும் பஸ்ஸில் இதே சண்டைதான். காசு கொடுத்து வாங்கினாலும் என்னுடையது எனக்குச் சொந்தமில்லை என்பாய். "வாடகைக்கு ஈக்கிய வீட்டுல ஒரு ஆணி அடிக்க ஏலுமா, யோகா?" என்று கேட்டாய் ஒருநாள். நானும் விடவில்லை. "கூரை ஒழுகுனா வீட்டுக்காரன் வந்து பார்ப்பான். ஒன் வீட்டுக்கு யாரு வருவா?" என்றேன். முன் சீட்டில் இருந்தவர் நாம் வீடு தேடுகிறோம் என்று நினைத்து, மடவளையில் ஒரு அறை காலியாக இருப்பதாகச் சொன்னார்.

இரண்டு மென்பொருளின் குரலுக்கும் கம்பளை என்ற ஊர்ப் பெயரைச் சொல்ல வராது. முதல் எழுத்தைக் 'கல்' என்பதில் வருவதுபோலச் சொல்லும். நம் ஊரில் அதைக் 'கங்கை'யின் கடைசி எழுத்தைப் போலத்தானே சொல்வோம்? நான் கம்பெனிக்கு எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. நீயோ, உன் மாப்பிள்ளையின் ஊரை இப்படிக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது என்று நீயே உச்சரிப்பு விதியை எழுதி அனுப்பினாய். அந்த மென்பொருளின் தமிழ்ப் பகுதியைக் கவனிக்கும் கோயம்புத்தூர்க்காரர், தமிழ்ச் சொல் அப்படித் தொடங்காது என்று மறுத்தார். எங்கள் பஸ்ஸில் ஏறிக் கண்டக்டர் கூப்பிடுவதைக் கேளுங்கள் என்று பதில் போட்டாய். மாதக் கணக்கில் வாதாடி அவரைச் சம்மதிக்க வைத்தாய்.

அதன் பிறகு உன் சிறுநீரகம் உன்னைப் படுக்க வைத்துவிட்டது. நான் மடவளையில் உன் உம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உன் ஜனாஸாவை அடக்கம் செய்யக் கொண்டு போய்விட்டார்கள். உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கட பேரத்தான் மகள் சொல்லிக்கொண்டிருந்த" என்றார். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

இப்போது நான் மாறிய கதை. அலுவலகத்தில் எல்லோருக்கும் புதிய கணினி வந்தது. என் பழைய மென்பொருள் அதில் ஓடவில்லை. கம்பெனியிடம் கேட்டால், அந்தப் பதிப்பை நிறுத்திவிட்டோம், இனி வருடா வருடம் சந்தா என்றார்கள். எழுத்தர்களுக்கெல்லாம் தலைவியான பிரதம லிகிதர் அம்மா என்னைக் கூப்பிட்டார். சந்தாவுக்கு ஒதுக்கீடு இல்லையாம். அது வரும்வரை தொலைபேசி மேசையில் இருங்கள், மொழிபெயர்ப்பை வேறொருவர் பார்க்கட்டும் என்றார் சிங்களத்தில். குரலில் கடுமை இல்லை. ஆனால் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்குவது என் வேலை, நஸீரா. அந்த மேசைக்கு ஒருமுறை போனவர்கள் திரும்பி வந்ததில்லை. ஒரு கிழமை, ஏழே நாள், அவகாசம் கேட்டேன். அன்றே உன் மென்பொருளை இறக்கினேன்.

முதல் இரண்டு நாள் அழாத குறை. தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதைப் போன்ற குரல். நடுவில் ஒருமுறை பேச்சே நின்றுபோனது. கம்பெனி என்றால் தொலைபேசியில் ஒரு ஆள் இருப்பார். இங்கே அதைப் பயன்படுத்துபவர்களின் இணையக் குழுவில் கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன், மறுநாள்தான் ஒருவர் வழி சொன்னார். அந்த விஷயத்தில் நான் சொன்னதும் சரிதான், ஒத்துக்கொள். ஆனாலும் கிழமை முடிவதற்குள் கடிதங்களை முடித்துக் கொடுத்தேன். தொலைபேசி மேசைப் பேச்சு அதோடு நின்றது.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. மண்சரிவில் வீடிழந்த குடும்பங்களுக்குக் கம்பளி கொடுப்பது பற்றியது. தமிழாக்கி முடித்து வாசிக்கவிட்டேன். குரல் கம்பளியின் முதல் எழுத்தையும் கம்பளையில் சொல்வதுபோலவே உச்சரித்தது. உன் வேலை! 'கம்பள' என்று தொடங்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து விதி எழுதியிருக்கிறாய். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அதைத் திருத்த வேண்டும் என்று தோன்றியதும் கை ஓடவில்லை. உன் பெயரில் இருக்கும் ஒரு வரியை நான் எப்படித் தொடுவது?

சில நாள் அப்படியே விட்டேன். ஆனால் கம்பளி வந்த இடமெல்லாம் உன் பிழை காதில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்த விதி வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். கோயம்புத்தூர்க்காரர் உடனே பதில் போட்டார்: "இது நஸீரா எழுதியது. அவரைக் கேட்டீர்களா? என்னைச் சும்மா விட மாட்டார்."

அவருக்குத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. உன் மரணத்தை நான் எழுத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. எழுதியதை அந்தத் தகரக் குரல் எனக்கு வாசித்துக் காட்டியது. அனுப்பிவிட்டு வெளியே போய் நின்றேன்.

அவர் இரண்டே வரி எழுதினார். "விதியை எடுக்க வேண்டாம். கம்பளியையும் கம்பளத்தையும் மட்டும் விலக்கிவிடுங்கள், ஊர் அவர் சொன்னபடியே இருக்கட்டும்." அப்படியே செய்தேன். அந்த விதியில் முதலில் உன் பெயர், அதன் கீழே என்னுடையது. இனி யார் திறந்தாலும் இரண்டையும் பார்ப்பார்கள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். குழுவில் யாராவது கேள்வி கேட்டுக் காத்திருந்தால், எனக்குத் தெரிந்ததை அன்றைக்கே சொல்வேன். பிழை கேட்டால் திருத்துவேன், உன்னுடையதாக இருந்தாலும். நான் எழுதியதிலும் பிழை இருக்கும். யாராவது அதைத் திருத்த வந்தால், என்னைக் கேட்கத் தேவையில்லை என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

உன் உம்மாவுக்கு இன்னொரு மகளாகிவிட்ட,
யோகேஸ்வரி
கட்டுகஸ்தோட்டை