உன் பிரசவத்துக்குப் போட்ட தரை

அல்சூர், பெங்களூர்
ஆனி 28, 12-7-57

என் கண்ணு பாஞ்சாலிக்கு உன் அம்மா தனக்கோடி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உங்கப்பாவும் இங்கே சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் பேரன் ராஜேந்திரனும் வயிற்றில் இருக்கிறதும் அங்கே சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். என் எழுத்து கோணலாகத்தான் வரும், மூணாங்கிளாசோடு நிறுத்திவிட்டார்கள், நீதான் கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டும். வேறு யாரையாவது வைத்து எழுதச் சொன்னால் நான் சொல்வதில் பாதியை விட்டுவிடுகிறார்கள், அதுவும் நான் யாரையாவது திட்டுகிற பாதியை.

நீ போட்ட கடுதாசி வைகாசி பிறந்ததுமே வந்தது. ரெண்டாவது பிரசவத்துக்கு பெங்களூர் அனுப்ப சம்பந்தியம்மாவுக்கு இஷ்டமில்லை, அது ஊறுகிற தரை, புரட்டாசி மழையில் பச்சைப் பிள்ளையை அதில் போடக் கூடாது, இங்கேயே ஜாம்ஷெட்பூர் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதுக்குக் கீழே, எனக்கு அங்கே வரணும் போல இருக்கும்மா என்று ஒரு வரி எழுதி அதை அடித்திருந்தாய். அடித்தாலும் எனக்குப் படிக்க வந்தது. அந்தக் கடுதாசியை மடித்து அரிசிப் பானையில் போட்டுவிட்டு அன்று முழுக்க பாயைத் தூக்கித் தூக்கித் தரையைத் தடவிக்கொண்டே இருந்தேன், உங்கப்பா ரெண்டு தடவை உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டு அவரே சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

உன்னிடம் மறைத்து என்ன, தரை ஊறத்தான் செய்தது. ஏரி பக்கத்தில் இருக்கிற வீடு, நாலு நாள் மழை பிடித்தால் பாய்க்கு அடியில் கறுத்துப் போகும். ராஜேந்திரன் பிறந்து நாற்பது நாளும் நெஞ்சுச் சளியில் கறுக் கறுக் என்று மூச்சு விட்டது எனக்கு மறந்தா போகும். சம்பந்தியம்மா அவனைப் பார்க்க வந்தது அம்பத்துநாலு கார்த்திகை அஞ்சாம் தேதி, வெங்காயக் கலர் புடவை, மூக்குத்தி புதுசு. பாயை ஒரு ஓரம் தூக்கிப் பார்த்துவிட்டு, ஏன் சம்பந்தி, பேரனை நாத்து விட்டிருக்கீங்களா என்று கேட்டுச் சிரித்தார்கள். அன்றைக்கு அவர்கள் காப்பியில் நான் வேணுமென்றே சர்க்கரை குறைத்துப் போட்டேன், அதுவும் உனக்குத் தெரியட்டும். ஆனால் அவர்களுக்கு அந்தத் தரையைக் காட்டிக் கொடுத்தது யார், பக்கத்து வீட்டு சின்னத்தாயி. உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே அம்பத்திரண்டு ஆவணியில், நான் ஜமுக்காளத்துக்குக் கீழே ரெண்டு கோணி விரித்து மறைத்து வைத்திருந்தேன், இவள் வாசலில் நின்றுகொண்டு, அம்மா பட்டுப்புடவை, பாத்து உக்காருங்க, இந்தத் தரை ஊறும் என்றாள். அன்றைக்கு விட்டது பேச்சு. அஞ்சு வருஷம் ஆகப் போகிறது, ஒரே குழாயடி, நடுவில் இடுப்பளவு சுவர், நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை நான் என் குடத்தைப் பார்த்துச் சொல்வேன், எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் தன் ஆட்டைப் பார்த்துச் சொல்வாள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். கண்டோன்மெண்ட் தண்டுப் பக்கம் வெள்ளைக்காரன் இருந்த பழைய பங்களா ஒன்றை இடிக்கிறார்கள், நம்ம எதிர்வீட்டு ஃபாத்திமா வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை. வராந்தாவில் கிடந்த சிவப்புத் தரை ஓடு, சதுரம் சதுரமாக, இரும்பு மாதிரி, அவர் சொல்லி உங்கப்பா மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். மேஸ்திரி ஒருத்தன் வந்து பார்த்தான், நம்ம காப்பியைக் குடித்தான், சிமெண்டுக்கு பர்மிட் எழுதிப் போடணும், தீபாவளி கழியட்டும் என்றான். தீபாவளி கழிந்தால் யாருக்கு வேண்டும் தரை. அவன் தெரு திரும்பினதும் உங்கப்பா, நாமே போட்டுடலாமா தனம் என்று ஊறுகாய் கேட்கிற மாதிரி கேட்டார், நானும் ஆகட்டும் என்றுவிட்டேன். அவர் வேலை பார்க்கிற மில்லில் பாய்லர் ரூம் தரை மட்டும் எந்த மழையிலும் ஊறாது, அடியில் எரிந்த கரிக்கட்டி போட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். காலை ஷிப்ட் முடிந்து வரும்போது தினம் ஒரு மூட்டை கேட்டு வாங்கித் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பழைய மண்ணை ஒரு முழ ஆழம் வெட்டி எடுத்தோம், கரியைக் கொட்டி இடித்தோம், மேலே மணலைப் போட்டு இடித்தோம். ரெண்டு பேரும் கரிச்சட்டி மாதிரி இருந்தோம், ஃபாத்திமா பார்த்துவிட்டு, அரே அக்கா, நீயும் மில்லுல சேர்ந்துட்டியா என்று சிரித்தாள். சிமெண்ட் இல்லாவிட்டால் என்ன, சுண்ணாம்பும் செங்கல் தூளும் குழைத்துக்கொண்டோம்.

இப்போது என் புத்தியைக் கேள். அந்த ஓடுகளை ஒவ்வொன்றாக முதுகு சுரண்டிக் கழுவி வாசலில் மூணு நாள் வெயிலில் காய வைத்தேன், வத்தல் புரட்டுகிற மாதிரி புரட்டிப் புரட்டிக் காய வைத்தேன். ஒரு பொட்டு ஈரம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று எனக்கு அவ்வளவு வெறி. உங்கப்பா மெதுவாக, ஓட்டை நனைச்சுட்டுப் போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் என்றார். ஈரத்தை விரட்டத்தான் இத்தனை பாடு, நீங்களே தண்ணியை உள்ளே கூட்டிட்டு வர்றீங்களா என்று ஒரு சத்தம் போட்டேன், வாயை மூடிக்கொண்டார். அவர் சொல்வது சரியாக இருக்கிற இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வார், முப்பது வருஷமாக அவரோடு எனக்கு இருக்கிற சண்டையே அதுதான். சாமி மாடத்திலிருந்து தொட்டில் கொக்கி வரைக்கும் ஆறு வரிசை போட்டோம், நூல் பிடித்த மாதிரி இருந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலாம் நாள் குடத்தோடு அதன் மேல் நடக்கிறேன், காலியான டின்னைத் தட்டினாற்போல் டொக் டொக் என்கிறது. கால் கட்டை விரலால் நெம்பினேன், அப்பளம் மாதிரி எழும்பிக் கையோடு வந்துவிட்டது, அடியில் சுண்ணாம்பு விபூதியாகக் கிடக்கிறது. அத்தனை ஓடும் அப்படித்தான். புரட்டாசிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், அப்படியே கரி மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். உன்னை அனுப்பவே மாட்டார்கள் என்றுதான் தோன்றியது.

அழுகிற சத்தம் சின்னத்தாயிக்குக் கேட்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே, ஏ மூதேவி, வெயில்ல காஞ்ச ஓடு தாகத்தோட இருக்கும்டி, சுண்ணாம்புல இருக்கிற தண்ணியெல்லாம் அது குடிச்சுட்டா சுண்ணாம்பு எதை வச்சுப் பிடிக்கும், ஒரு நாள் பூரா ஊறாத ஓட்டை எந்தச் சித்தாளாவது கையால தொடுவாளா என்று கேட்டாள். இருபது வருஷம் கட்டட வேலையில் சுண்ணாம்புச் சட்டி சுமந்தவள், அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். எனக்கு வந்தது பார் ஆத்திரம், ஏ குடமே, தெரிஞ்சவங்க மூணு நாளா இங்கே ஓடு காயறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க, அப்பவே சொன்னா வாய் வெந்தா போகும் என்றேன். உடனே அவள் ஆட்டிடம், வாய் திறந்து ஒண்ணு சொன்னதுக்குத்தானே அஞ்சு வருசமா தண்டனை, இன்னொண்ணு சொல்லி பத்து வருசமா ஆக்கவா என்றாள். பாஞ்சாலி, எனக்குப் பதில் வரவில்லை. எனக்கே வரவில்லை, குடத்துக்கு எங்கே வரும்.

ஃபாத்திமா வீட்டில் கல்யாணத்துக்குப் பிரியாணி போடுகிற பெரிய டேக்சாவைக் கேட்டு வாங்கி ஓடுகளை முக்கினேன், புஸ் புஸ் என்று குமிழி விட்டுக்கொண்டு குடித்தது பார், பாவம் அவ்வளவு தாகம். எல்லாவற்றையும் பெயர்த்து மறுபடி முதலிலிருந்து போட்டோம். தினம் சாயங்காலம் சின்னத்தாயி வேலை விட்டு வந்ததும் ஆட்டுக்குப் பாடம் நடக்கும், சுண்ணாம்பு கூழ் மாதிரி இருக்கக் கூடாதுடி களி மாதிரி இருக்கணும், ஓட்டை வச்சு மரக்கட்டையால நாலு மூலையும் தட்டணும்டி, சத்தம் கெட்டியா வரணும் என்று. நான் இந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருப்பேன். அந்த ஆட்டுக்கு இப்போது கொத்து வேலை முழுக்கத் தெரியும்.

தரை முடிந்தது. அதுக்கு மேல் பத்து நாள் சாக்கை நனைத்துப் போட்டு விடாமல் தண்ணீர் ஊற்றணும், இல்லாவிட்டால் இடுக்கெல்லாம் வெடிக்கும் என்று ஆட்டுக்கு உத்தரவு. எனக்குக் கை வரவில்லை. எந்த ஈரத்துக்குப் பயந்து இதைப் போட்டேனோ அதையே என் கையால் எப்படிக் கொட்டுவேன், சும்மா தெளித்துத் தெளித்து விட்டேன். ரெண்டாம் நாள் காலையில் சின்னத்தாயி ரெண்டு இடுப்பிலும் ரெண்டு குடத்தோடு நேரே நம் வீட்டுக்குள் வந்து நிற்கிறாள். தள்ளுக்கா என்றாள். ஊத்துடி என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பத்து நாளும் அவள்தான் ஊற்றினாள், வேலைக்குப் போகிறதுக்கு முன் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம். கடைசி நாள் காப்பி கொடுத்துவிட்டு, அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னே என்று கேட்டேவிட்டேன். நல்ல பட்டுக்கா, கறையாயிடுமேன்னு சொன்னேன், பொண்ணை வேணாம்னு சொல்ல வைக்கணும்னா எனக்கு வேற சொல்லத் தெரியாதா என்றாள். அவளை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன், அதை இன்னும் யோசிக்கணும். ஆனால் உன் பிரசவத்துக்கு அவள்தான் கூட இருப்பாள் என்று சொல்லியாகிவிட்டது, அது வேறு இது வேறு.

போன வாரம் அஞ்சு நாள் விடாமல் மழை. தினம் காலையில் பாயைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. ஆறாம் நாள் மத்தியானம் பாயும் இல்லாமல் தொட்டில் கொக்கிக்குக் கீழே கன்னத்தை வைத்துப் படுத்தேன், ஷிப்ட் முடிந்து வந்த உங்கப்பா பயந்துபோய் தனம் தனம் என்று உலுக்கினார். எழுந்து முந்தானையைத் தடவிப் பார்த்தேன், காய்ந்த முந்தானை காய்ந்தபடியே இருந்தது. தபால்காரர்கூட வாசலில் நின்று எட்டிப் பார்த்து, சென்னாகிதேம்மா, நல்லா இருக்கு என்று தலையாட்டிவிட்டுப் போனார். வாசல் பக்கம் மூணாவது வரிசை மட்டும் கொஞ்சம் கோணல், அது உங்கப்பா தும்மினது, வந்து பார்த்துச் சிரிக்காதே, மனுஷன் முழங்கால் ரெண்டும் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

ஆடி போகட்டும், ஆவணி பிறந்ததும் புறப்படு. உங்கப்பா லீவு சொல்லி வைத்திருக்கிறார், மெட்ராஸ் சென்ட்ரலுக்கு வந்து நிற்பார். ரயிலில் மேல் பலகையில் ஏறாதே, ஸ்டேஷன் தண்ணீர் குடிக்காதே, ராஜேந்திரனை இடுப்பில் தூக்காதே, அவன் நடக்கட்டும், மூணு வயசாகப் போகிறது. உன்னைத் தனியாக அனுப்ப சம்பந்தியம்மாவுக்கு மனசு வரவில்லை என்றால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வா. நிஜமாகத்தான் எழுதுகிறேன், மாப்பிள்ளையிடம் காட்டு. அவர்கள் சொன்னது என் காதைவிட்டுப் போகவில்லை, போகவும் போகாது, ஆனால் பிள்ளைக்கு மூச்சு முட்டியது அவர்களுக்கும் பொறுக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது. வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும், எந்த மூலையை வேண்டுமானாலும் தடவிப் பார்க்கட்டும். பிள்ளை பிறந்ததும் துணியில் சுற்றி நான் அவர்கள் கையில்தான் கொடுப்பேன், அவர்களே இந்தத் தரையில் முதலில் படுக்க வைக்கட்டும்.

மாரியம்மன் உன்னையும் உன் வயிற்றையும் காக்கட்டும், மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் ரெண்டு பேர் ஆசீர்வாதம். எந்த ரயில் என்று ஆடிப் பதினெட்டுக்குள் ஒரு கார்டு போட்டுவிடு.

உன் அம்மா
நா. தனக்கோடி