குலம் அண்ணைக்கு நான் வைத்த கையெழுத்து

ஏப்ரல் 3, திங்கள்
மழை. குடையை டிராமில் விட்டுவிட்டேன், மறுபடியும். பின்னேரம் குலம் அண்ணை வந்தார். கவுன்சில் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாராம். முன்மொழிய என் கையெழுத்து வேண்டும். வைத்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? டெஸ்டில் திரும்பத் திரும்ப ஃபெயிலான எனக்குப் பொறுமையாகக் கார் ஓட்டப் பழக்கியவர். பள்ளிக்கூட வாசலில் பாதசாரிக் கடவை போடச் சொல்லிக் கவுன்சிலோடு மல்லுக்கட்டுகிற ஒரே ஆள்.
வாங்க: பருப்பு, பாண், மகள் அபிக்குக் கறுப்புச் சொக்ஸ்.

ஏப்ரல் 7, வெள்ளி
வேட்பாளர் பெயர்கள் வந்துவிட்டன. கு. அண்ணையின் பெயருக்குப் பக்கத்தில் முன்மொழிந்தவள் என்று நான். அச்சில் என் பெயர். சின்னச் சந்தோஷம்.
ஆறு மணிக்கு ரத்தினம் அங்கிள். கொழும்பில் சட்டத்தரணியாக இருந்தவர், இங்கே புலம்பெயர்ந்து வந்தவர்களின் ஊர்ச் சங்கத்துக்குப் பழைய தலைவர். தேத்தண்ணி வேண்டாம் என்றார். அப்போதே ஏதோ பிழை என்று தெரிந்தது.
"பிள்ளை, குலம் எந்த இயக்கத்திலை இருந்தவன் எண்டு தெரியுமே?"
"தெரியாது அங்கிள்."
"உம்மடை அண்ணனைக் கொண்டுபோன இயக்கம்."
பிறகும் நிறையச் சொன்னார். ஆயுதம் தூக்கினவன் பொதுப் பதவிக்கு நிற்கக்கூடாது, கோட்டுக்குப் போகவேணும், என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதாக நான் சத்தியக் கடதாசி தரவேணும். பாதிதான் காதில் விழுந்தது. அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 8, சனி
நல்ல வெயில். உடுப்புத் தோய்த்தேன்.
எண்பத்தாறாம் ஆண்டு, ஊரில். அண்ணா டியூஷன் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் வரும்போது பிடித்தார்கள். எந்த இயக்கத்திலும் இல்லாதவன். வேறு இயக்கத்துப் பெடியன் ஒருவனின் சிநேகிதன், அவ்வளவுதான். மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தில் முகாம். அம்மாவும் நானும் தினமும் சோற்றுப் பார்சல் கொண்டுபோனோம். வாசலில் தோளில் துவக்கோடு நின்ற பெடியள் வாங்கிக்கொண்டார்கள். ஒருநாள், "இனிக் கொண்டுவராதேங்கோ." அதற்குமேல் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை.
என் கணவர் சிவாவிடம் சொன்னேன். இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "எண்பத்துமூண்டிலை, பிரிவினை கேக்கமாட்டன் எண்டு சத்தியம் செய்யாட்டில் எம்.பி. கதிரை இல்லை எண்டு கொழும்பிலை அரசாங்கம் சட்டம் போட, இந்த ரத்தினம் அங்கிள்தானே அநியாயம் எண்டு கத்தினவர்? இப்ப அதே மாதிரிச் சட்டத்தை இஞ்சை தேடுறார்."
உண்மைதான். ஆனால் அண்ணா?

ஏப்ரல் 11, செவ்வாய்
அரைநாள் லீவு. அங்கிளோடு டூட்டிங்கில் ஒரு லோயரிடம். மலேசியத் தமிழ்ப் பெண், அபியைவிடக் கொஞ்சம்தான் மூப்பு மாதிரி முகம்.
"இங்க கோர்ட் தண்டிச்சு ஜெயிலுக்குப் போயிருக்கணும், திவாலாகி இருக்கணும், தேர்தல்ல நிக்கக்கூடாதுன்னு தடுக்க அப்படிச் சில காரணம்தான் இருக்கு. இவரை எந்தக் கோர்ட்டும் தண்டிக்கலையே."
"பிள்ளையின்ரை கையெழுத்தைத் திருப்பி எடுக்கலாமோ?" என்றார் அங்கிள்.
"பேப்பரைக் கொடுத்தபிறகு முடியாது."
"அப்ப தேர்தல் முடியப் பெட்டிசன் போடுவம்."
"எதை வச்சு, ஐயா?"
இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
பஸ்ஸில் வரும்போது யோசனை. தண்டனை இல்லை, ஏனென்றால் வழக்கு இல்லை. யாரிடம் போய் வழக்குப் போட்டிருப்போம்? அண்ணாவுக்கு மரணச் சான்றிதழ்கூடக் கிடையாது.

ஏப்ரல் 15, சனி
கு. அண்ணையின் காரில் போகும்போது நேரே கேட்டேன். காரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தினார்.
"ஓம். இருந்தனான்."
"எந்த முகாம்?"
சொன்னார். அதே பள்ளிக்கூடம். அவருக்கு வயது பத்தொன்பது, வாசலில் காவல். உள்ளே ஆட்கள் அடைத்திருந்தது தெரியும். யார் யார் என்று தெரியாது.
"அண்ணாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தனாங்கள்."
கார்க் கண்ணாடியை இறக்கினார். பிறகு, "கன அம்மாமார் கொண்டுவந்தவை. உள்ளை குடுக்கிறம் எண்டு சொல்லுவம். குடுக்கேல்லை, தங்கச்சி. நாங்கள்தான் சாப்பிட்டனாங்கள்."
அவருடைய முகத்தை அந்த வாசலில் வைத்துப் பார்த்தேன். மீசையை எடுத்து, மெலியவைத்து. பொருந்தவில்லை. பொருந்தாதது ஆறுதலா, ஏமாற்றமா?
"விலக ஏலாது, நாள் முடிஞ்சுது. நீர் சொன்னால் ஒருத்தற்றை வாசலுக்கும் போய் வோட் கேக்கமாட்டன்."
இறங்கி நடந்தேன். அழுகை வரவில்லை. மீன் வாங்கினேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்
அங்கிள் சத்தியக் கடதாசியை டைப் அடித்தே கொண்டுவந்துவிட்டார். "உண்மையை மறைத்து என்னை ஏமாற்றி."
"அவர் ஏமாத்தேல்லை அங்கிள். நான் கேக்கேல்லை."
"ரெண்டும் ஒண்டுதான்."
"இல்லை."
"அப்ப உம்மடை அண்ணன்?"
"பொய்ச் சத்தியத்திலை அண்ணாவின்ரை பேரை எழுதமாட்டன்."
கதவைச் சாத்தாமலே போனார். நான் செய்தது சரியா? கு. அண்ணையைக் காப்பாற்றினேனா? அதற்கு எனக்கு விருப்பம் இல்லையே.

மே 4, வியாழன்
வேலைக்குப் போகுமுன் வோட். மூன்று பேருக்குப் போடலாம். இரண்டு புள்ளடி போட்டேன். மூன்றாவது, பென்சில் அவருடைய பெயருக்கு நேரே நின்றது. கடவை வேண்டும். சோற்றுப் பார்சல். பின்னால் யாரோ இருமினார்கள். போடாமல் மடித்தேன்.
நின்றவரை முன்மொழிந்தவள் நான். அவருக்கு வோட் போடாதவளும் நான்.

மே 6, சனி
தோற்றுவிட்டார். கடைசிக்கு முந்தின இடம். அங்கிளின் போன்: "நீதி கிடைச்சிட்டுது." என்ன நீதி? சனத்துக்கு ஒன்றுமே தெரியாது. வழமையாகப் போடுகிற கட்சிக்குப் போட்டார்கள்.
மத்தியானம் கு. அண்ணை வாசலில். உள்ளே வரச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.
"அந்த முகாமுக்குப் பொறுப்பா இருந்தவர் இப்ப ஜெர்மனியிலை. கதைச்சுக் கன வருசம். போன் எடுத்துக் கேக்கப்போறன்." கையில் பேனை. "அண்ணான்ரை பேரைச் சொல்லும்."
தெரிந்துகொண்டபின் அம்மாவிடம் என்ன சொல்வது? யோசித்து முடிக்குமுன் வாய் சொல்லிவிட்டது. ஆனந்தராசா. அவர் எழுத்தைப் பிழையாக எழுதினார். பேனையை வாங்கித் திருத்திக் கொடுத்தேன்.