மாடிக்குப் போகும் புத்தகங்கள்

வியாழன், இரவு

முடிச்சூர் பள்ளித் தலைமையாசிரியை நூலகத்தை மாடிக்கு மாற்றியே தீருவேன் என்றார். வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களை வெயிலில் காயவைத்தவர் அவர். மாடித் தளத்தை வடிவமைத்தவன் நான். வகுப்பறைப் பாரத்துக்குப் போட்ட தளம் அது. நூலகப் பாரம் அதைப்போல இரண்டு மடங்கு. முடியாது என்று சொல்லவே மனசில்லை. சொன்னேன்.

அவர் விடவில்லை. "ஒரே ரூம்ல வச்சாதானே சார் வெயிட்டு? மாடியில கிளாஸுக்கு ஒரு சின்ன அலமாரின்னு பிரிச்சு வச்சா?"

எனக்குத் தோன்றவே இல்லை! "தாராளமா வைக்கலாம் மேடம்."

"அப்ப லைப்ரரிக்குப் பார்த்த மாடி ரூம் காலிதானே, அதுல டான்ஸ் கிளாஸ்."

கிளம்ப எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன். "குதிச்சா அந்தத் தளம் தாங்காது மேடம். டான்ஸ் கீழயே இருக்கட்டும். தண்ணி வந்தா பசங்க தானா மேல ஓடிடுவாங்க. புத்தகம் ஓடாது."

விழுந்து விழுந்து சிரித்தார்.