பெருங்காய வாசமுள்ள பாதி

இன்று காலை லம்பா லைனில் உள்ள எங்கள் வீட்டில் ரசத்துக்காகப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். உன் பாதிப் புத்தகத்தின் வாசம் அடித்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பாலி மொழிப் பாடநூல் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் நம் தீவுக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆனது. நாம் கல்லூரி முடித்த வருடம். புத்தர் சொன்னதாக உள்ளவற்றை மொழிபெயர்ப்பு இல்லாமல் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அடுத்தது வேலை என்று எல்லோரும் காத்திருந்தார்கள். உன்னிடம் மட்டும் சொன்னேன். "சல், போலாம், நானும் வரேன்" என்றாய், ஏதோ கடற்கரைக்குக் கிளம்புவதுபோல.

இரண்டு பிரதி கேட்டிருந்தோம், ஒன்றுதான் வந்தது. நீ உன் வாப்பாவின் மளிகைக் கடையில் சோப்பு வெட்டும் கத்தியை எடுத்து நடுவில் பிளந்துவிட்டாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அரே, இன்னொரு கப்பலுக்கு எவ காத்திருப்பா? இலக்கணம் உனக்கு. படிக்கிற பகுதியெல்லாம் எனக்கு."

டெய்ரி ஃபார்ம் பகுதியில் உள்ள உங்கள் கடையில் பெருங்காயம் அடுக்கிய தட்டில்தான் உன் பாதி இருக்கும். நாகரி எழுத்தில் அச்சானது. தீவுப் பள்ளியில் ஹிந்தி படித்த நமக்கு அது சிரமமில்லை. ஒரு சொல்லின் வேர் தெரியாமல் நான் அடுத்த சொல்லுக்குப் போகமாட்டேன், படிப்பதும் மனதுக்குள்தான். நீ கல்லாவில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாய். படித்த பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு கோடு போடுவாய்.

"அர்த்தம் தெரியாம என்னடி படிப்பு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சின்ன வயசுல குர்ஆன் ஓதினப்போ எனக்கு அரபி தெரியுமா என்ன? முதல்ல வாய்க்குப் பழகணும், அர்த்தம் மெதுவா வரும். நீ வாயே திறக்க மாட்டேங்குற. உனக்கு எந்த பாஷையும் வராது, பாகல், பைத்தியமே."

'சரணம்' என்ற சொல் வந்த அன்று நீ சிரித்த சிரிப்பு! "உங்க அப்பா மாலை போட்டுக்கிட்டு கூப்பிடுவாரே, அதே சரணமா? இங்கயும் வந்துட்டாரா அவரு?"

பிறகு உனக்கு அந்தக் காய்ச்சல். உன்னைச் சென்னைக்கு அழைத்துப் போகிறார்கள் என்று கேட்டு உன் வீட்டு வாசல்வரை வந்தேன். வெளியே அத்தனை ஜோடிச் செருப்புகள். உள்ளே போகக் கூச்சப்பட்டு, நீ திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். அன்று மாலை உன் விமானம் எங்கள் கூரைக்கு மேலேதான் போயிருக்கும். நீ திரும்பவில்லை.

ஏழு மாதம் உன் கடைப்பக்கம் வரவில்லை. புத்தகத்துக்காகத்தான் வந்தாள் என்று உன் உம்மா நினைத்துவிட்டால்? அது என்ன புத்தகம் என்றே அவருக்குத் தெரியாமல் இருந்தால்? ஒருவழியாகப் போன அன்று, நான் பேசும் முன்பே அவர் அந்தத் தட்டிலிருந்து உன் பாதியை எடுத்தார்.

"ஏன் புள்ள இவ்வளவு நாளு?"

"இது என்ன புத்தகம்னு உங்களுக்கு..."

"புத்தரோடதுன்னு சொன்னா. நல்ல வார்த்தையாத்தான் இருக்கும். அவ படிப்பா, நான் பருப்பு பொட்டலம் கட்டிக்கிட்டே கேப்பேன். கொஞ்சம் படிச்சுக் காட்டு."

சாமான் வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, முதன்முறையாக வாய்விட்டுப் படித்தேன். பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியவில்லை.

"அவ இன்னும் வேகமா படிப்பா" என்றார் உம்மா.

உன் பாதியை நான் எடுத்து வரவில்லை. அங்கேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டு, ஞாயிறுதோறும் போய்ப் படிக்கிறேன்.

போன ஞாயிறு ஒரு பக்கத்தைப் புரட்டி நாலு வரி படித்திருப்பேன். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த உம்மாவின் கை நின்றது.

"இது புதுசா இருக்கே. இது அவ படிச்சதில்ல."

மூலையைப் பார்த்தேன். கோடு இல்லை. முந்தைய பக்கத்தில் இருந்தது.

"நிறுத்தட்டுமா ஆன்ட்டி?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"படி புள்ள. சத்தமா."

அந்தப் பக்கத்தை முடித்ததும் மூலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அர்த்தம் இன்னும் பார்க்கவில்லை.