புகைபோக்கிக்குள் நாலாவது தொடை

கோர்ன்யா ரேக்கா
நவம்பர் 10

அன்பு மகள் ல்யூபிங்காவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே கையும் காலும் திடமாக இருக்கிறோம், அதுவும் சூடாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேரன் வுகாஷினும் அந்தப் பெர்த் வெயிலில் வாடிப்போகாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு அப்படி இல்லை இப்படி என்று திருத்திக்கொண்டே இருப்பார், காகிதத்தில் அவர் குறுக்கே வர முடியாது. அதோடு இந்த உறைக்குள் ஒரு பொருள் இருக்கிறது, கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு எடு.

போன பிப்ரவரியில் பனி கொட்டி மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த மின்சார ஹீட்டர் செத்த மாடு மாதிரி மூலையில் கிடந்தது, உன் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அன்றிலிருந்து உன் தம்பி நேநாத் ஒற்றைக்காலில் நின்றான், இனி குளிர்காலமெல்லாம் நீஷ் நகரத்தில் அவன் ஃபிளாட்டில்தான், வீட்டுப் புனிதர் திருநாளும் அங்கேதான் என்று. அவன் நல்ல பிள்ளைதான், எங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறான். ஆனால் உன் தாத்தாவின் அப்பா காலத்திலிருந்து நம் வீட்டுப் புனிதர் திமித்ரிக்கு மெழுகுவத்தி இந்த வீட்டில்தான் எரிந்திருக்கிறது. ஒரு தடவை திருநாள் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் அது திரும்பி வராது, எதிர்த்த மலையில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று உனக்கே தெரியும். நான் விறகடுப்பு போடப்போகிறேன் என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "சரி, திருநாளன்னைக்கு அடுப்பு எரியணும், புகைபோக்கி நல்லா இருக்குன்னு அதுக்குரிய ஆள்கிட்ட கையெழுத்தும் வாங்கணும். இல்லன்னா பெட்டியைக் கட்டிடணும்மா" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன்.

அடுப்பு வெள்ளை எனாமல் போட்டது, பக்கத்தில் ரொட்டி சுடுகிற பெட்டி, மேலே நாலு பானை வைக்க இடம். நாலு ஆள் தூக்கி உள்ளே வைத்தார்கள். அடியில் தகரம் விரித்து, சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்தோம். குழாயை உன் அப்பா மாட்டினார், யாரையும் தொடவிடவில்லை. மேல்குழாய் கீழ்க்குழாய்க்கு வெளியே உட்கார்ந்திருந்தது. ஏங்க, புகையிலிருந்து தார் வடிந்தால் வெளியே சொட்டுமே, மேல்குழாய் வாய் உள்ளே அல்லவா இறங்க வேண்டும் என்று கேட்டேன். "அஞ்சாம் வகுப்பு எஞ்சினியரம்மா வந்துட்டாங்க" என்றார். சரி என்று வாயை மூடிக்கொண்டேன், எல்லாவற்றுக்கும் நேரம் வரும்.

புகைபோக்கி சுத்தம் பண்ணுகிற திராகிஷா அக்டோபர் கடைசியில் வந்தார், கறுப்புச் சட்டை, தோளில் கயிறு, கயிற்று நுனியில் பிரஷ்ஷும் இரும்புக் குண்டும். பார்த்ததும் நம் ஊர் வழக்கப்படி நல்ல சகுனத்துக்கு என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டேன். கூரைமேல் ஏறிக் குண்டை இறக்கினார், பாதி வழியில் நின்றுவிட்டது. தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தார், போகவில்லை. இறங்கி வந்து, "உள்ள செங்கல் சரிஞ்சு கிடக்கு பாட்டி, நெருப்பு வச்சீங்கன்னா புகை வீட்டுக்குள்ளதான் வரும், தூங்கினவங்க எந்திரிக்க மாட்டீங்க. வசந்தத்துல இடிச்சுக் கட்டணும், இப்ப கையெழுத்துப் போட முடியாது" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர்மேல் தப்பில்லை, உயிர் சம்பந்தப்பட்டது. உன் அப்பா உடனே பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். நேநாத்துக்குப் போன் பண்ணி ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகச் சொன்னார். விஷயம் கேள்விப்பட்டு வுகாஷின் நேநாத்திடம், கேமரா அனுப்புகிறேன், புகைபோக்கிக்குள் விட்டுப் பார்க்கலாம் என்றானாம். என் பேரன் கெட்டிக்காரன், இந்த வம்சத்தில் இல்லாத மூளை. ஆனால் அவனிடம் சொல், பாட்டிக்குக் காது இருந்தது, போதுமாக இருந்தது என்று.

ராத்திரி முழுக்க எனக்கு அந்தச் சத்தம்தான் நினைவு. இரும்புக் குண்டு செங்கல்மேல் பட்டால் டங் என்று கேட்க வேண்டாமா, அது தப் தப் என்று தலையணையில் அடித்த மாதிரி கேட்டது. இன்னொன்று, அடியில் சாம்பல் எடுக்கிற கதவைத் திறந்து கண்ணாடி வைத்து நானும்தான் பார்த்தேன், பழைய சாம்பல் தவிர ஒரு துண்டுக் கல்லும் இல்லை. சரிந்த செங்கல் தரைக்கு வராமல் அந்தரத்தில் நிற்க அது என்ன குருவியா. காலையில் கணக்குப் போட்டேன். அவர் கயிறு ஆறு முழம் இறங்கியது, கூரைக்கு மேலே புகைபோக்கி இரண்டு முழம், அப்படியென்றால் அடைப்பு கூரைக்குக் கீழே நாலு முழத்தில், பரணுக்குள். பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு பரண்மேல் ஏறிப் புகைபோக்கியைத் தட்டிக்கொண்டே வந்தேன், ஓர் இடத்தில் மட்டும் பூச்சுக்குப் பின்னால் இரும்புச் சத்தம்.

அது என்ன என்று உனக்குப் புரிந்திருக்கும். உன் தாத்தா புகைபோக்கிக்குள்ளேயே பன்றித் தொடைக்குப் புகை போட்ட பெட்டி. உள்ளே குறுக்கே இரண்டு இரும்புக் கம்பி, அதில் பன்றித் தொடையை மாட்டிக் கதவைச் சாத்தினால் வாரக்கணக்கில் புகை பிடிக்கும். உன் கல்யாணம் முடிந்த மாதம்தானே மின்சார ஹீட்டர் வந்தது, அதோடு இந்தப் புகைபோக்கி ஓய்ந்தது. அந்த ஜனவரியிலேயே தாத்தா வாதம் வந்து பேச்சில்லாமல் கிடந்து போய்ச் சேர்ந்தார். வசந்தத்தில் எலி வருகிறது என்று உன் அப்பா அந்தக் கதவைப் பூசிவிட்டார். உள்ளே பார்த்தீர்களா என்று கேட்டேன். "காலியாத்தான் இருந்திருக்கும்" என்றார். இருந்திருக்கும் என்றால் பார்க்கவில்லை என்று அர்த்தம். அவருடைய சுத்தியலையே வாங்கி நானே உடைத்தேன்.

கதவு திறந்தது, ல்யூபிங்கா, உள்ளே துணிப்பையில் கட்டி ஒரு முழுத் தொடை தொங்கியது. கறுத்து, சுருங்கி, விறகுக்கட்டை மாதிரி. உன் அப்பா பரண் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நீ அன்றைக்கு மணப்பெண், உனக்கு இந்தக் கதை பாதிதான் தெரியும். உன் கல்யாணத்துக்குப் பரணில் நாலு தொடை மாட்டியிருந்தேன், பந்திக்கு மூன்றுதான் வந்தது. பரண் சாவி உன் அத்தை தரிங்காவிடம் இருந்தது. நான் சமையல்கட்டில் பத்துப் பெண்கள் நடுவே, நாலாவது தொடை எங்கே போயிற்று என்று சாவி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவள் சாவியை மாவுமேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இருபத்தேழு வருஷம், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்துகொண்டு, தன் பிறந்த வீட்டுத் திருநாளுக்கு அவள் ஒரு தடவை கூட வரவில்லை. என்னை அண்ணி என்று கூப்பிட்டதும் இல்லை.

பையின் கழுத்தில் கம்பியால் ஒரு மரச்சில்லு கட்டியிருந்தது. தாத்தா பென்சிலால் எழுதியிருந்தார், "ல்யூபிங்காவின் முதல் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு. யாரும் தொடக்கூடாது." கிழவர் கல்யாணக் கூட்டத்தின் கண்ணில் படாமல் எடுத்து இந்தப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். சமையல்கட்டில் நான் பேசியது அவர் காதுக்குப் போகவே இல்லை, சொல்வதற்கு முன்னால் வாய் போய்விட்டது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கம்பிகளை அறுத்து எடுத்தோம், கதவை உள்ளிருந்து செங்கல் வைத்துக் காற்றுப் புகாமல் பூசினோம். திராகிஷா மறுபடி வந்து குண்டை இறக்கினார், அது சரசரவென்று இறங்கி அடியில் டங் என்று உட்கார்ந்தது. கீழ்க்கதவில் காகிதம் கொளுத்திக் காட்டினார், சுடர் அப்படியே உள்ளே சாய்ந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது அடுப்புக் குழாயைப் பார்த்து, "இதை யாரு தலைகீழா மாட்டினது" என்று கேட்டார். நான் உன் அப்பாவைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேநாத்துக்குப் போன் பண்ணி, கூட்டிப்போக வர வேண்டாம், திருநாளுக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வேலை பாக்கி. தொடையை ஏப்ரனில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். இருபது அடிதான், இருபத்தேழு வருஷமாக நான் தாண்டாத இருபது அடி. தரிங்கா முற்றத்தில் வால்நட் உடைத்துக்கொண்டிருந்தாள். பருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் தொடையை வைத்தேன். மரச்சில்லைத் திருப்பித் திருப்பிப் படித்தாள், அவள் அப்பா கையெழுத்து. தப்பு என்னுடையது, பத்துப் பேர் நடுவில் சொன்னேன், பத்துப் பேர் நடுவிலும் திருப்பிச் சொல்கிறேன் என்றேன். "இதைச் சொல்ல உனக்குப் புகைபோக்கியே வாயைத் திறக்க வேண்டியிருந்துச்சா" என்று கேட்டுவிட்டு வால்நட்டை உடைக்க ஆரம்பித்துவிட்டாள். மரச்சில்லையும் தொடையையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். திருநாளுக்குக் கூப்பிட்டாயா என்று உன் அப்பா கேட்டார். திருநாளுக்கு யாராவது கூப்பிடுவார்களா, உரிமை இருக்கிறவர்கள் வருவார்கள், அதுதானே நம் வழக்கம் என்றேன். உள்ளே எனக்குக் கலக்கம்தான்.

திருநாள் காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன். ஒரு சுருள் புகை வீட்டுக்குள் வரவில்லை. திருநாள் ரொட்டி அடுப்புப் பெட்டியிலேயே வெந்து, மேலே சிலுவையும் திராட்சைக் கொத்தும் வெடிக்காமல் பொன்னிறமாக எழும்பியது. நேநாத் மருமகளோடு வந்து கையெழுத்துக் காகிதத்தை இரண்டு தடவை படித்தான், கோட்டைக் கழற்றினான், கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரையும் கழற்றினான். "சரிம்மா, நீ ஜெயிச்சுட்ட" என்றான். பெட்டி மறுபடி பரணுக்குப் போயிற்று, தூக்கிப்போனது அவன்தான். பாதிரியார் வந்து ரொட்டியை ஒயின் விட்டு அறுத்து ஜெபித்துவிட்டுப் போனார்.

சூப்பு பரிமாறிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தட்டவில்லை, பிறந்த வீட்டில் யார் தட்டுவார்கள். தரிங்கா நேராக அடுப்புக்குப் போனாள், கதவைத் திறந்து நெருப்பைப் பார்த்தாள், குழாய்த் தடுப்பைப் பாதி சாத்தினாள். "இவ்வளவு திறந்து வச்சா சூடு வீட்டுக்கு இல்ல அண்ணி, கூரையில உட்கார்ந்திருக்கிற காக்காய்க்குத்தான்" என்றாள். நான் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தேன். அங்கேயே நின்று, நேநாத், மருமகள், வந்திருந்த அக்கம்பக்கம் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு பேர். அவள் கேட்டு முடித்துவிட்டுத் தன் அப்பா எப்போதும் உட்கார்ந்த ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்தத் தொடை எங்க? இருபத்தேழு வருஷமா நான் தின்னுட்டேன்னு பேரு. இன்னைக்காவது ருசி பார்க்கிறேன்" என்றாள். கத்தி இறங்கவில்லை, உன் அப்பா இரும்பு அறுக்கும் ரம்பத்தால் அறுத்தார், நடுவில் இன்னும் சிவப்பாக இருந்தது. தரிங்கா ஒரு சீவலை வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். "உப்பு கம்மி. நீதானே போட்ட" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள், நானும்தான்.

உறைக்குள் இருப்பது அந்த மரச்சில்லு. வுகாஷினுக்கு இருபத்தாறு வயதானாலும் அது அவனுடையது, கொள்ளுத்தாத்தா அவன் பிறப்பதற்கு முன்பே அவனுக்கென்று வைத்தது. தொடையில் அவன் பங்கைப் பரணில் மாட்டியிருக்கிறேன், இந்தத் தடவை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது, மறந்துவிடாதே. அங்கே வெயிலில் தலையில் துணி போடாமல் வெளியே போகாதே. புனித திமித்ரி உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், உங்கள் கூரைக்குக் கீழே ஒருபோதும் குளிர் நுழையாதிருக்கட்டும்.

அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதும்
உன் அம்மா மிலுங்கா

குழாயை அன்றே உன் அப்பா சரியாகத் திருப்பி மாட்டிவிட்டார். போனில் அதைப் பற்றி ஒன்றும் கேட்காதே.