தீப்பெட்டிக்குப் புது டிரைவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் காருக்குள் உட்கார்ந்து, அவருடைய பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தபோது நான் கையும் களவுமாகப் பிடிபட்டேன். நடந்து சில மாதம் ஆகிறது. உன் அம்மா இதை இன்னும் நன்றாக நடித்துக் காட்டுவாள். அவள் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு, ரிப்பேருக்கு எடுத்திருந்த ஒரு வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர்க் குழாய் வாங்கப் போயிருந்தேன். அம்மா காய்கறிப் பக்கம் போனாள். திரும்பி வந்து சாவியைப் போட்டேன், கதவு திறந்தது. சீட் முன்னால் தள்ளியிருந்ததால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அம்மாதான் நகர்த்தியிருப்பாள் என்று மனதுக்குள் திட்டினேன். அவளுக்கு அப்போது வண்டி ஓட்டவே தெரியாது என்பது நினைவுக்கு வரவில்லை. முன்னால் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது. பரவாயில்லையே, நம்மை நினைத்து வாங்கி வைத்திருக்கிறாள் என்று திட்டை வாபஸ் வாங்கிக்கொண்டு ஒன்றைத் தின்றேன். இரண்டாவதைக் கடிக்கும்போது ஒரு அம்மா கண்ணாடியைத் தட்டினார்.

"ஐயா, பிஸ்கட் நல்லா இருக்கா?" என்று கேட்டார். வாய் நிறைய பிஸ்கட்டோடு தலையாட்டினேன். "இது என் வண்டிங்க. உங்களுது அதோ பக்கத்துலயே நிக்குது பாருங்க" என்றார்.

நம் தீப்பெட்டிக் கார் ஒட்டினாற்போல் நின்றுகொண்டிருந்தது. அதே மாடல், அதே மங்கிப்போன நீலம், நீ கேட் தூணில் இடித்த பள்ளம் மட்டும் நம்முடையதில்தான். இந்தப் பழைய வண்டிகளின் சாவி தேய்ந்துபோனால் ஒன்றுக்கு இன்னொன்று பொருந்திவிடுமாம். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். காய்கறிப் பையோடு வந்து நின்ற உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். "நீங்க நம்ம வண்டியை உரசிக்கிட்டுதான் போனீங்க. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள். அப்புறம் கதவு நிலையில் நான் தோளை இடித்துக்கொள்வது, மேஜையில் இருக்கும் டம்ளரைத் தட்டிவிடுவது எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவிட்டாள். "ஓரத்துல வைக்காதேன்னு என்னைத் திட்டறீங்களே, ஓரம் எதுன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டாள். நான் விருட்டென்று எழுந்தேன். எழுந்த வேகத்தில் நாற்காலியில் இடித்துக்கொண்டேன். மறுநாளே கண் ஆஸ்பத்திரி.

அங்கே ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். நான் படிப்பில் எப்படி என்று உனக்குத் தெரியும். நிறைய அமுக்கினால் நிறைய மார்க் வரும் என்று நினைத்து, புள்ளி தெரியாதபோதும் அமுக்கித் தள்ளினேன். மெஷின் காட்டிக்கொடுத்துவிட்டது. உன் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. "ஐயா, இதுல காப்பி அடிக்க முடியாது. திரும்ப உக்காருங்க" என்றார். இரண்டாம் முறை ஒழுங்காக எழுதினேன். ஃபெயில்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பக்கவாட்டுப் பார்வை போய்க்கொண்டிருக்கிறதாம். நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது. ஓரத்தில் இருப்பதுதான் இல்லாமல் போகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. தவறாமல் விட்டுக்கொண்டால் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கலாம், ஆனால் கார் ஓட்டுவதை இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார். வெளியே வந்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தீப்பெட்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தோம். கார் மெக்கானிக்தான் பிறகு எடுத்துவந்து விட்டான்.

பாப்பா, இதை ஏன் உன்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கோபப்படுவாய். சொன்னால் வேலையை உதறிவிட்டு அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், உடனே நான் பொய் சொல்வேன். அதனால்தான் கடிதம்.

நிஜத்தைச் சொன்னால், அன்றைக்குக் கண்ணைவிடத் தொழில்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஒரு நாளைக்கு ஊரின் நாலு மூலைக்கும் போகிறவன் நான். மோட்டார், டிரம், டூல் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்னையும் ஒரு வாஷிங் மெஷின் என்றே நினைப்பான். ஆட்டோ பிடித்தால் கிடைப்பதெல்லாம் ஆட்டோவுக்கே. கை சொல்வதைக் கேட்கிறது, காது மெஷினின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிறது. போய்ச் சேரத்தான் வழியில்லை. டூல் பெட்டியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பரணில் ஏற்றினேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு புது பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் தின்றதற்கு ஈடாம். அந்த அம்மா மழலையர் பள்ளி டீச்சர் என்பதும், வீடு எங்கே என்பதும் அன்றைக்கே விசாரித்து வைத்திருக்கிறாள். பிஸ்கட் கொடுக்கப் போனவள், கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பினாள்!

இந்த வயதில் எதற்கு என்றேன். நானே கற்றுத்தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "நீங்க சொல்லிக்குடுத்தா வண்டி ஓடாது, சண்டைதான் ஓடும்" என்றாள். டீச்சரும் நம் வண்டியிலேயே பழகலாம் என்று தைரியம் சொல்லியிருக்கிறார். பெரிய வண்டி என்றால் மூக்கு எங்கே முடிகிறது என்றே தெரியாதாம். இது கையடக்கம், நாலு மூலையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும், நாம் சொன்ன பேச்சைக் கேட்கும் என்றாராம்.

பள்ளி மைதானத்தில்தான் பாடம். நான் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, அது நிபந்தனை. டீச்சருக்குப் பழக்கதோஷம், அம்மா ஒழுங்காக ரிவர்ஸ் எடுத்தால் கைதட்டுவார். அம்மாவும் மூன்று வயதுக் குழந்தை மாதிரி பூரித்துப்போவாள். முதல் டெஸ்டில் எல்லா வண்டிக்கும் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று வழிவிட்டு ரோடு காலியாகும்வரை நின்றிருக்கிறாள். "அம்மா, இது டெஸ்ட்டும்மா, விருந்து இல்ல" என்று இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை பாஸ். அன்றைக்கு லைசன்சை என்னிடம் காட்டாமல் பரணிலிருந்து டூல் பெட்டியை இறக்கி, பின் சீட்டில் வைத்துவிட்டு, "ஏங்க, கிளம்பலாமா?" என்றாள்.

இப்போது தினமும் நாங்கள் சேர்ந்துதான் போகிறோம். ரிப்பேருக்குப் போகிற வீட்டில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு முழித்தால், "அவரு மெக்கானிக், நான் டிரைவர்" என்கிறாள். நான் வேலை செய்யும்வரை வண்டியில் உட்கார்ந்து போனுக்குப் பதில் சொல்கிறாள். "சார் ரொம்ப பிஸி, நாளைக்குத்தான் வர முடியும்" என்று அவள் சொல்வதைக் கேட்டால் எனக்கே என்மேல் மரியாதை வருகிறது. கேட்டின் இன்னொரு தூணில் அவளும் ஒரு முறை இடித்தாயிற்று. நீ ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், வண்டி இப்போது சமமாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய்? "அந்தத் தீப்பெட்டியை யாருக்காவது குடுத்துடுங்கப்பா, இந்த மாசமே பெரிய வண்டி புக் பண்றேன்" என்றாய். உன் மனசுக்கு நூறு கும்பிடு. ஆனால் புக் செய்யாதே, பாப்பா. பெரிய வண்டி வந்தால் அம்மா தொடமாட்டாள், பயப்படுவாள். அவள் தொடாவிட்டால் நான் வீட்டில்தான். இதற்கு ஒரு சொட்டு பெட்ரோல் காட்டினால் போதும், ஊரைச் சுற்றிக் காட்டுகிறது. ஆள் திரும்ப முடியாத சந்தில் இது திரும்புகிறது. எந்தப் பாகம் போனாலும் கார் மெக்கானிக் பழைய சாமான் கடையில் பொறுக்கி வந்து மாட்டிவிடுகிறான். தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும் ஏசியை அணைத்துவிட்டு, "ஏறும்மா, ஏறு" என்று அம்மா தட்டிக்கொடுக்க வேண்டும், மூச்சு வாங்கினாலும் ஏறிவிடும்.

முதல் சம்பளத்தில் நீ இதை மூன்றாம் கையாக வாங்கி வந்தபோது, நீ எங்கள் பிழைப்பை வாங்கி வந்திருக்கிறாய் என்று யாருக்குத் தெரியும்? வெளிநாடு போகும்போது விற்காமல் எங்களிடம் விட்டுவிட்டுப் போனாயே, அதற்கு நன்றி சொல்ல எனக்குச் சரியாக வரவில்லை. மகளுக்கு எப்படி நன்றி எழுதுவது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை, தந்திருந்தாலும் அன்றைக்கு நான் போயிருக்க மாட்டேன்.

பதறிக்கொண்டு ஓடி வராதே. சொட்டு மருந்தை அம்மா கண்ணில் விடுகிறாள், பாதி கன்னத்தில் விடுகிறாள். லீவு கிடைக்கும்போது நிதானமாக வா. ஏர்போர்ட்டுக்கு உன் அம்மா ஓட்டிக்கொண்டு வருவாள். பெட்டியைச் சின்னதாகக் கொண்டு வா, டிக்கியில் இடமில்லை. நீ தீர்க்காயுசாக, நல்ல பார்வையோடு இருக்க வேண்டும்.

நேற்று வேலை முடிந்து திரும்பும்போது, வழி முழுக்க நன்றாகத் திரும்பி உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்தேன். நேரே பார்த்தால் எனக்கு முழுசாகத் தெரிகிறது, காதோரத்து நரை முதல் மேட்டில் ஏறும்போது கடித்துக்கொள்ளும் உதடு வரை. "ரோட்டைப் பாக்காம என்னை என்ன பாக்கறீங்க?" என்று கேட்டாள். கண்ணாடி பார்த்து ஓட்டுகிறாயா என்று செக் பண்ணுகிறேன் என்றேன்.

தெரிகிறவரை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
பக்கத்து சீட்டிலிருந்து,
உன் அப்பா