மருந்து கிள்ளிய குச்சி

இன்று காலை சாத்தூர் மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்ற அம்மா தீப்பெட்டி கேட்டாள். நான்தான் குச்சியை உரசிக் கொடுத்தேன். அந்த மருந்து வாசம் மூக்கில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது. சுற்றி நின்றவர்கள் புகை என்று நினைத்திருப்பார்கள். எனக்கு உன் ஞாபகம். மணமேடையில் என் தாய்மாமா மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்த பெண் நான் இல்லை. அந்த நிம்மதியை உன்னிடம் மட்டும்தான் முழுதாகச் சொல்ல முடியும். அதனால் வீட்டுக்கு வந்ததும் பட்டுப்பாவாடையைக்கூட மாற்றாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீயும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பத்தாவதோடு நான் நின்றுவிட்டேன். சிவகாசியில் காலண்டருக்குத் தகரம் அடிக்கும் வேலைக்குப் போனேன். நீ கல்லூரியில் சமூகவியல் எடுத்தாய். அது என்ன படிப்பு என்று கேட்டேன். "ஊர்வம்பு பேசுறதுக்குப் பட்டம் குடுக்காகட்டி" என்று சிரித்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகமாக ஓடி வந்தாய். யாரும் கேள்வி கேட்காமல் செய்துவரும் ஒரு வழக்கத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். "தாய்மாமன் கல்யாணத்த எடுத்துக்கிடுதேன். உங்க வீட்லதான் ரெடியா ஒண்ணு இருக்கே."

எனக்குப் பதினெட்டு முடிந்ததும் தை மாதத்தில் மாமாவுக்கும் எனக்கும் கல்யாணம் என்பது நான் பிறந்தபோதே ஆன பேச்சு. மாமா பட்டாசு கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். நல்லவர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் அழுதாவது மறுத்திருப்பேன். கோயில் பொங்கலுக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவரைப் புருஷனாக நினைத்துப் பார்த்தால் மூச்சு முட்டும். இதை அதுவரை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை.

அதற்காக நம் வெம்பக்கோட்டையில் வீடு வீடாகப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். எனக்குத்தான் நாலு பேர் முன்னால் பேச்சே வராதே என்று தயங்கினேன். "அதுக்குத்தான்ட்டி உன்னையக் கூப்பிடுதேன். நாம சும்மா இருந்தா எதிர்ல இருக்கவுக பேசிக்கிட்டே இருப்பாக" என்றாய். என் கூச்சத்துக்கும் ஒரு வேலை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். தாய்மாமனைக் கட்டிய ஒருத்தி, தன்னை அவர் பூப்போல வைத்திருக்கிறார் என்றாள். அடுத்த தெருவில் இன்னொருத்தி வெகுநேரம் சேலை நுனியைத் திருகிவிட்டு, "என்னத்தச் சொல்ல" என்று மட்டும் சொன்னாள். திரும்பி வரும்போது, இந்த வழக்கம் நல்லதா கெட்டதா என்று உன்னிடம் கேட்டேன். "தீர்ப்பு சொல்ல நாம யாரு? என்ன இருக்கோ அத மொதல்ல ஒழுங்காப் பாக்கணும்" என்றாய்.

ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்பாய். உங்களுக்கு என்ன தோணுது? மத்தவுகளுக்கு என்ன தோணும்னு நினைக்கீக? கேட்பதற்கு முன்னால், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்வாய். எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னை வெளியே அனுப்பிவிட்டு அம்மா, அப்பா, மாமா மூவரையும் தனித்தனியாகக் கேட்டாய். கடைசியில் அணைக்கரையில் வைத்து என்னைக் கேட்டாய்.

"எனக்கு வேண்டாம். ஆனா அம்மா ஒடிஞ்சு போயிருவாங்க" என்றேன்.

நீ வாயைத் திறந்தாய், மூடிக்கொண்டாய். என்ன என்றேன். "சத்தியம் பண்ணிருக்கேன்ட்டி. கேக்காத" என்று எழுந்து நடந்துவிட்டாய். எனக்குக் கோபம்கூட வந்தது.

அடுத்த ஞாயிறு மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நாள் குறிப்பதற்காக அப்பா சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றினார். நான் கதவோரம் நின்றேன். அப்போதுதான் நீ காலித் தீப்பெட்டியும் கைநிறையக் குச்சியுமாக உள்ளே வந்தாய்.

"நாள் குறிக்கதுக்கு முன்னாடி என் படிப்புக்காக ஒரு காரியம் செய்வீகளா? ஆளுக்கு ஒரு குச்சி. இந்தக் கல்யாணம் உங்க மனசுக்குப் பிடிச்சிருந்தா அப்படியே பெட்டியில போடுங்க. பிடிக்கலேன்னா மருந்தக் கிள்ளிட்டுப் போடுங்க. பெட்டி அடுப்படியில இருக்கும். ஒவ்வொருத்தராப் போங்க."

"என்ன பிள்ள, எலக்சனா?" என்றார் அப்பா.

"ஓட்டுக்கு என்ன குடுப்ப?" என்றார் மாமா.

"காபி. அதுவும் உங்கக்கா போட்ட காபி."

சிரித்துக்கொண்டே போனார்கள். வரும்போது ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியாக நான் போனேன். பெட்டிக்குள் பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு மருந்தைக் கிள்ளினேன். அது நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டது. என் மனதில் இருப்பதை அந்த வீட்டில் நான் முதல்முறையாகச் சொன்னது அப்படித்தான், வாயைத் திறக்காமலே.

நீ பெட்டியைத் தாம்பாளத்தில் கவிழ்த்தாய். ஒரு குச்சியிலும் மருந்து இல்லை.

அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "ஏலே தம்பி, நீயுமா? நீ மனசு விட்டுப்போவன்னுல்ல நான் இம்புட்டு நாளும் பேசாம இருந்தேன்."

"நான் வேண்டாம்னா உன் மகளுக்கு என்ன குறைன்னு ஊரு கேக்கும்லக்கா. இவ என் தோள்ல உக்காந்து மூக்கு ஒழுக்குன பிள்ள. இவளப் போயி நான் எப்படி..." மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்காளும் தம்பியும் உரிமைன்னு கொண்டாடுதீக, நடுவுல நான் என்னத்தச் சொல்லன்னு இருந்தேன்" என்று அப்பா காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். மாமா என் தலையில் ஒரு குட்டு வைத்தார், பழைய மாமாவாக.

வாசலில் உன் கையைப் பிடித்தேன். "யாராவது பயந்துக்கிட்டு முழுக்குச்சியப் போட்டுருந்தா என்னட்டி செஞ்சிருப்பேன்?" என்றாய். பிறகு சொன்னாய்: "வழக்கம்னா அது எங்கயோ கல்லு மாதிரி கெடக்குன்னு நினைச்சேன். இல்லட்டி. அடுத்தவுக என்ன நினைப்பாகன்னு நாம நினைக்கோம்ல, அதுக்குள்ளதான் இருக்கு."

இதை அப்படியே எழுதிக் கொடுப்பாய் என்று நினைத்தேன். நீ எழுதவில்லை. "பாக்கப் போனவ உள்ள புகுந்து கலைச்சுட்டேன். இது ஆய்வுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, ஊரில் காபி கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி எழுதினாய்.

அந்த மழைக்காலத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நீ திரும்பி வரவில்லை. உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு வரவில்லை. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர்கள்தான் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போனால் பேசுகிறார்கள்.

இன்று மாமா தாலி கட்ட, அம்மாதான் நாத்தனார் முடிச்சு போட்டாள். பந்தியில் பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நீ இருக்க வேண்டிய மணையில எவளோ உக்காந்திருக்கா. இதுக்குத்தான் உன்னைய வளத்தோமா?" என்றாள். எதிர்வரிசையில் சாப்பிட்டவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முன்பென்றால் இலையை மூடிவிட்டு எழுந்திருப்பேன்.

கை கழுவும் இடத்தில் அவள் தனியாக நின்றபோது பக்கத்தில் போனேன். "பெரியம்மா, நெசமாவே உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று மெதுவாகக் கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். நீ சொன்ன மாதிரி.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடினாள். அங்குமிங்கும் பார்த்தாள்.

"என்னைய எங்க தாய்மாமனுக்குக் கட்டி வச்சப்ப யாரும் இப்பிடிக் கேக்கலத்தா" என்றாள். ஈரக் கையோடு என் கன்னத்தைத் தொட்டாள். "நீ தப்பிச்ச."